எழுத்து தையில், தாலி ஆவணியில்: மறுக்கப்பட்ட ஒரு துணைவர் விண்ணப்பம்

நான் ரொறன்ரோவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குடிவரவுக் கோப்புகள் தயாரிக்கிறேன். தமிழ் ஆவணங்களை மொழிபெயர்ப்பதும் என் வேலைதான். கீழே எழுதியிருப்பது 2019 பெப்ரவரியில் மறுப்புக் கடிதத்தோடு எங்களிடம் வந்த ஒரு கோப்பு: கனடாவில் இருக்கும் மனைவி, ஊரில் இருக்கும் கணவரை இங்கே அழைக்கப் போட்ட விண்ணப்பம். கணவன் மனைவி இருவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை விட்டுவிட்டேன். இவர்களுடைய கலியாணம் உண்மையான கலியாணம் என்பதில் எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம் இருக்கவில்லை. ஆனாலும் அந்த மறுப்பு எப்படி வந்தது என்பதும் கோப்பைப் படித்தபோது விளங்கியது. இந்த இரண்டும் ஒரே கோப்பில் இருந்ததால்தான் இதை எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பின்னணி

கலியாணத்தின்போது மனைவிக்கு 34 வயது. பத்து வயதில் பெற்றோரோடு கனடா வந்தவர். ஸ்காபரோவில் தாயோடு இருக்கிறார், முதியோர் இல்லம் ஒன்றில் இரவு வேலை. 26 வயதில் முதல் கலியாணம் நடந்து, 2013-இல் விவாகரத்துத் தீர்ப்பு வந்தது. பிள்ளைகள் இல்லை. கணவருக்கு 31. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் உதிரிப்பாகக் கடை நடத்தியவர், அவருக்கு இது முதல் கலியாணம். 2014-இல் கனடாவுக்குப் படிக்க வர விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர்.

பெண் மூன்று வயது மூத்தவர், விவாகரத்தானவர். மாப்பிள்ளை கலியாணமாகாதவர், முன்பே கனடா வரப் பார்த்தவர். ஊரில் யாராவது இதைக் கேட்டாலும் "அப்ப என்னத்துக்கு அந்தச் சம்பந்தம்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வீசா அதிகாரியும் அதையேதான் கேட்டார்.

அதற்கு ஒரு பதில் இருந்தது. கணவருடைய சாதகத்தில் செவ்வாய்க் குற்றம். 26 வயதிலிருந்து பேசிய மூன்று சம்பந்தங்கள் பொருத்தம் பார்க்கும் இடத்திலேயே நின்றுபோயின. மனைவியின் சாதகத்திலும் செவ்வாய். இரண்டு வீட்டையும் அறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரண்டு குறிப்புகளையும் கையில் வைத்திருந்து, பொருந்துகிறது என்று கண்டு 2016 ஒக்டோபரில் பேச்சைத் தொடக்கினார். முதல் ஒரு மாதம் பெரியவர்கள்தான் கதைத்தார்கள். பிறகு இருவரும் வைபரில் கதைக்கத் தொடங்கினார்கள்.

2017 தைப்பொங்கல் கழிந்த கிழமை மனைவியும் தாயும் யாழ்ப்பாணம் போனார்கள். இருவரும் நேரில் கண்டது அப்போதுதான். தையில், அதாவது ஜனவரி கடைசியில், பதிவாளர் வந்து வீட்டில் வைத்துக் கலியாண எழுத்து, சட்டப்படியான பதிவு, நடந்தது. பெப்ரவரி முதற் கிழமை மனைவி கனடா திரும்பிவிட்டார். ஆவணியில், அதாவது செப்டெம்பர் தொடக்கத்தில், மறுபடி போனார். பொன்னுருக்கு வீட்டில், தாலிகட்டு ஊர்க் கோயிலில். அதன் பிறகு 19 நாட்கள் கணவர் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். நவம்பரில் விண்ணப்பம் போனது.

முதல் விண்ணப்பம்

ஃபோம் நிரப்பியவர் உரிமம் இல்லாத ஒருவர். காசு வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்ல கனடாவில் வழக்கறிஞருக்கும் பதிவுபெற்ற ஆலோசகருக்கும் சட்டம் அனுமதிக்கும் சிலருக்கும் மட்டுமே உரிமை உண்டு, குடிவரவுச் சட்டத்தின் 91ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. இவர் தன் பெயரை எங்கும் போடவில்லை. மனைவி தானே நிரப்பியதுபோலக் கையெழுத்து வாங்கினார்.

உறவைக் காட்டச் சேர்த்திருந்த சான்றுகள் இவை: திருமணப் பதிவுச் சான்றிதழ், விவாகரத்துத் தீர்ப்பு, நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவான படங்கள், வைபர் உரையாடலின் 600 பக்க அச்சுப்பிரதி. படங்கள் எல்லாம் தாலிகட்டு அன்று எடுத்தவை, எதைப் பார்த்தாலும் அதே கூறைச்சேலை. 600 பக்கத்தில் மொழிபெயர்த்தது ஒன்றுகூட இல்லை. காசு அனுப்பியதற்கு ஒரு துண்டும் இல்லை. மனைவி மாதாமாதம் காசு அனுப்பித்தான் இருந்தார், ஆனால் உண்டியலில், அதாவது வங்கி வழியாக இல்லாமல் ஆட்கள் மூலம் காசு மாற்றும் முறையில். உண்டியலில் ரசீது கிடையாது.

சாதகம் பற்றி ஒரு வரிகூட இல்லை. "அதெல்லாம் எழுதினா சிரிப்பாங்கள்" என்று ஃபோம் நிரப்பியவர் சொன்னாராம். சம்பந்தம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு "குடும்ப நண்பர் ஒருவர் அறிமுகப்படுத்தினார்" என்று எழுதி முடித்துவிட்டார்.

அவர் செய்த இன்னொன்றும் உண்டு. நான்கு பக்கக் கேள்வி–பதில் தாள் ஒன்றைக் கணவருக்கு அனுப்பிப் பாடமாக்கச் சொன்னார். மனைவிக்குப் பிடித்த நிறம், செருப்பு அளவு, வீட்டில் எத்தனை அறை, கட்டில் எந்தப் பக்கம் என்று போகும் தாள் அது. முதல் கலியாணம் பற்றிக் கேட்டால் "அதைப்பற்றி நாங்கள் கதைப்பதில்லை" என்று சொல்லும்படியும் அதில் இருந்தது.

நேர்முகம்

2018 நவம்பரில் நேர்முகம். கணவர் இரவு பஸ்ஸில் போய் விடிய இறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேரே போனார். அதிகாரி ஒருவர், தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட.

அதிகாரி அப்போது எழுதிய குறிப்புகளைப் பின்னர் மேன்முறையீட்டுக் கோப்பில் படித்தோம். நான்கு இடங்கள் முக்கியமானவை.

முதலாவது, திகதி. "எப்போது கலியாணம் கட்டினீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். கணவர் "செப்டெம்பர்" என்றார். சான்றிதழில் ஜனவரி. அதிகாரி திருப்பிக் கேட்டார், கணவர் திரும்பவும் செப்டெம்பர் என்றார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருவரிடம் கலியாணம் எப்போது என்று கேட்டால் தாலிகட்டின நாளைத்தான் சொல்வார். எழுத்து என்பது எழுத்து. அது கனடாச் சட்டத்துக்குக் கலியாணம், அவர் மனதில் கலியாணப் பேச்சு உறுதியான நாள் மட்டுமே. இதோடு ஒட்டியே அடுத்த கேள்வி வந்தது: "கலியாணம் முடிந்த பிறகு ஒன்றாக இருந்தீர்களா?" இந்த முறை மேசையில் இருந்த ஜனவரிச் சான்றிதழைக் காட்டிக் கேட்டிருக்கிறார். கணவர் "இல்லை" என்றார். அதுவும் உண்மை. எழுத்து முடிந்தாலும் தாலி ஏறும்வரை ஒரே வீட்டில் தங்குவது அவர்கள் வீட்டில் வழக்கமில்லை. சட்டப்படி மணமுடித்த இருவர் ஒரே ஊரில் இருந்தும் ஓர் இரவுகூட ஒன்றாகத் தங்கவில்லை என்று குறிப்பில் பதிவாகியது.

இரண்டாவது, பேச்சைக் கொண்டுவந்தவர். கணவர் "மாமா" என்றார். மொழிபெயர்ப்பில் அது "அங்கிள்" ஆனது. விண்ணப்பத்தில் இருந்ததோ "குடும்ப நண்பர்". ஆள் ஒருவரேதான். அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் கணவருடைய தாய்க்கு ஒன்றுவிட்ட அண்ணன், ஆகவே கணவருக்கு மாமா. மனைவி வீட்டார் அவரை "மாஸ்ரர்" என்றுதான் அழைப்பார்கள், அவர்களுக்கு அவர் குடும்ப நண்பர். குறிப்பில் இது முரண்பாடு.

மூன்றாவது, பதில் சொன்ன விதம். செருப்பு அளவைத் தயங்காமல் சொன்னவர், மனைவியின் முதல் கலியாணம் ஏன் முறிந்தது என்று கேட்டபோது "அதைப்பற்றி நாங்கள் கதைப்பதில்லை" என்றார். வேறு விதமாகக் கேட்டபோதும் அதே சொற்களில் அதே பதில். பதில்கள் ஒத்திகை பார்த்தவைபோல இருப்பதாக அதிகாரி எழுதியிருந்தார். அது சரியான கணிப்பு.

நான்காவதுதான் பாரமானது. படங்களில் முப்பது பேர்கூட இல்லை. "உங்கள் பெரியப்பா குடும்பம் பத்து மைல் தூரத்தில் இருக்கிறதே, ஏன் வரவில்லை?" கணவர், செலவைக் குறைக்கச் சின்னதாகச் செய்தோம் என்றார். ஆனால் காசுக்குக் கஷ்டப்பட்ட வீடு இல்லை என்று காட்டும் கடையின் கணக்கும் காணி உறுதியும் கோப்பிலேயே இருந்தன. பெரியப்பா வருவதால் என்ன செலவு என்று அதிகாரி கேட்டார். அவர்களுக்கு அன்றைக்கு வேலை என்றார். "மனைவி முன்பு கலியாணம் கட்டியவர் என்பது அவர்களுக்குத் தெரியுமா?" என்ற கேள்விக்கு "தெரியும்" என்றார்.

தெரியாது. அந்த ஒரு சொல் பொய்.

மறுப்பும் முதல் முப்பது நாட்களும்

2019 ஜனவரி கடைசியில் மறுப்புக் கடிதம் வந்தது. குடிவரவு ஒழுங்குவிதிகளின் 4(1) ஆம் விதியைக் காட்டியிருந்தார்கள். அந்த விதியில் இரண்டு கேள்விகள் உண்டு. குடிவரவு நன்மை பெறுவதே முதன்மை நோக்கமாக இருந்து அந்தக் கலியாணம் நடந்ததா? அந்த உறவு உண்மையானது அல்லவா? 2010-க்குப் பிறகு இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தாலே மறுக்கலாம். முதற்கேள்வி கலியாணம் நடந்த காலத்தைப் பார்க்கிறது, இரண்டாவது இன்றைய நிலையைப் பார்க்கிறது. இந்த வேறுபாட்டை இங்கே வருகிறவர்களுக்கு விளங்கப்படுத்த ஒவ்வொரு முறையும் நேரம் எடுத்துக்கொள்கிறேன். இன்று எவ்வளவு அன்பாக இருந்தாலும், அன்றைக்கு ஏன் கட்டினீர்கள் என்பதற்குத் தனியாகப் பதில் வேண்டும்.

மேன்முறையீடு செய்யும் உரிமை ஸ்பொன்சருக்கு, அதாவது மனைவிக்கு. கடிதம் கிடைத்து 30 நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவில் போட வேண்டும். மனைவி எங்களிடம் வந்தது பதினோராம் நாள். இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தார், வேலைச் சட்டையோடு. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, "எங்கட கலியாணம் பொய்யாம் அக்கா" என்றார். அதற்கு மேல் அன்று அதிகம் கதைக்க முடியவில்லை. மேன்முறையீட்டு அறிவித்தலை அந்தக் கிழமையே அனுப்பிவிட்டோம்.

புதிதாக விண்ணப்பிப்பதா, மேன்முறையீடா என்று வழக்கறிஞர் யோசித்தார். புதிய விண்ணப்பம் சில வேளை விரைவாக முடியும். ஆனால் பழைய குறிப்புகள் கோப்பில் அப்படியே நிற்கும், அடுத்த அதிகாரி அவற்றைத்தான் முதலில் படிப்பார். மேன்முறையீட்டில் விடயம் முழுவதையும் புதிதாகக் கேட்பார்கள். அதிகாரியின் முன் இல்லாத சான்றையும் வைக்கலாம், இருவரும் சாட்சி சொல்லலாம். இங்கே திருத்த வேண்டியிருந்தது கடதாசி மட்டும் இல்லை, ஒரு பொய்யும் இருந்தது. மேன்முறையீடே சரி என்று முடிவெடுத்தார்.

குறிப்புகளைப் படித்தபோது

அதிகாரியின் குறிப்புகளை வைத்துக்கொண்டு கணவரோடு மூன்று தரம் நீண்ட நேரம் கதைத்தேன். முதல் தரம் நான் எதையும் குற்றம் பிடிக்கவில்லை. "தம்பி, அண்டைக்கு என்ன நடந்தது எண்டு முதலிலயிருந்து சொல்லுங்கோ" என்று மட்டும் கேட்டேன். திகதிக் குழப்பமும் மாமா–மாஸ்ரர் குழப்பமும் அந்த ஒரு மணி நேரத்திலேயே வெளிச்சமாகிவிட்டன.

பெரியப்பா விடயம் இரண்டாம் தரம்தான் வந்தது. பெண் ஏற்கெனவே கலியாணம் கட்டியவர் என்பதைப் பெரியப்பா வீட்டுக்குச் சொல்ல வேண்டாம் என்று கணவரின் தாய் கேட்டிருக்கிறார். சொன்னால் கதை ஊரெல்லாம் போகும், பிள்ளையைப் பேசுவார்கள் என்ற பயம். அதனால்தான் மண்டபம் எடுக்கவில்லை, கோயிலில் சின்னதாகச் செய்தார்கள். அதனால்தான் கார்ட் அடிக்கவில்லை.

"இதை ஒபிசரிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"அவவைப் பற்றி அப்பிடி ஒரு கதை எங்கட வீட்டில இருக்கு எண்டு, ஆரெண்டே தெரியாத ஒராளுக்கு முன்னால சொல்ல எனக்கு மனம் வரேல்லை அக்கா."

கொஞ்ச நேரம் கழித்து, "அவவுக்கும் இது தெரியாது" என்றார்.

மனைவி தன் முதல் கலியாணத்தைக் கணவரிடமும் அவருடைய தாயிடமும் முதல் மாதமே சொல்லியிருந்தார். அவர்கள் அதை முழுமனதோடு ஏற்றுக்கொண்டதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தார். சின்னக் கலியாணம் தன் விருப்பப்படி நடந்தது என்றும் நினைத்திருந்தார். தன்னை மறைத்தே கலியாணம் நடந்தது என்பது அவருக்குத் தெரியாது.

எடுத்த முடிவுகள்

இந்த இடத்தில் வழக்கறிஞரும் நானும் இரண்டு நாள் கதைத்தோம். குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவு முக்கியமான விடயத்தில் பொய் சொன்னவர்களை ஐந்து வருடம் தடுக்கலாம் என்கிறது. "தெரியும்" என்ற அந்தப் பதிலை நாங்களே எடுத்துக் காட்டினால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளுமா என்ற அச்சம் நியாயமானது. சொல்லாமல் விட்டால், விசாரணையில் பெரியப்பா பற்றிய கேள்வி எப்படியும் வரும், கணவர் அதே பொய்யைச் சத்தியம் செய்து மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு எங்கள் அலுவலகம் துணைபோக முடியாது. உண்மையையும், அதை மறைத்த காரணத்தையும் சத்தியக்கடதாசியில் எழுதிக் கொடுப்பது என்று முடிவாயிற்று.

ஆனால் அதை மனைவி எங்கள் மேசையில் கடதாசியாகப் படிக்கக் கூடாது. கணவர் தானே அவரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். கணவருக்கு அது கஷ்டமாக இருந்தது. ஒரு கிழமை தள்ளிப்போட்டார். 2019 மார்ச் நடுவில் சொன்னார். அதற்குப் பிறகு மூன்று நாட்கள் மனைவி அவருடைய அழைப்பை எடுக்கவில்லை. நான்காம் நாள் மாமியாரோடு நேரே கதைத்தார், நிறைய அழுதிருக்கிறார்கள். அந்த வருடம் ஓகஸ்டில், ஈஸ்டர் குண்டுவெடிப்புகள் நடந்து நான்கு மாதமாக, இங்கே எல்லோரும் போக வேண்டாம் என்று தடுத்தும் மனைவி ஊருக்குப் போனார். கணவரோடு பெரியப்பா வீட்டுக்குப் போய்த் தன்னைப் பற்றித் தானே சொன்னார். பெரியப்பா அப்போது ஒன்றும் சொல்லவில்லையாம், பெரியம்மாதான் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து கையில் கொடுத்திருக்கிறார். பிறகு பெரியப்பாவே கிராம சேவகர் முன்னிலையில் ஒரு கடிதம் எழுதித் தந்தார்: கலியாணத்துக்கு எங்களை அழைக்கவில்லை, காரணம் இது, இப்போது இவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து போகிறார்கள். நான் மொழிபெயர்த்த உறவுச் சான்றுக் கடிதங்களில் இவ்வளவு நேராக எழுதியது வேறு இல்லை.

மற்றச் சான்றுகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் குறைப்பதுதான் வேலையாக இருந்தது. 600 பக்கத்தையும் விட்டுவிட்டு, மூன்று வருடத்தில் மாதத்துக்கு ஒரு பக்கம் என்று எடுத்து மொழிபெயர்த்தேன். அன்பு வார்த்தை உள்ள பக்கங்களைத் தேடவில்லை. தாயின் முழங்கால் சத்திரசிகிச்சை, கடையில் களவு போன பற்றரி, லைசென்ஸ் புதுப்பிக்க மறந்ததற்கு வாங்கிய ஏச்சு, இப்படியான பக்கங்களை எடுத்தேன். சாதகக் குறிப்புகள் இரண்டையும் பொருத்தம் பார்த்த தாளையும் மொழிபெயர்த்து, செவ்வாய்க் குற்றம் எங்கள் கலியாணப் பேச்சுகளில் என்ன செய்கிறது என்று ஒரு பக்கத்தில் விளக்கம் சேர்த்தோம். பேசிச் செய்யும் கலியாணத்தை மேற்கத்தைய கலியாணத்தின் எதிர்பார்ப்புகளால் அளக்கக் கூடாது என்று கனடாவின் ஃபெடரல் நீதிமன்றம் 2010-இல் ஒரு தீர்ப்பில் எச்சரித்திருக்கிறது. ஆனால் நாங்கள் எங்கள் வழக்கம் என்னவென்று சொல்லாமல் விட்டால், மேன்முறையீட்டைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் எந்த உறுப்பினரும் அதை ஊகித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

உண்டியல் காசுக்கு ரசீது உண்டாக்க யாரும் முயலக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னோம். மனைவி தன் வங்கிக் கணக்கில் மாதாமாதம் எடுத்த தொகைகளைக் காட்டி, அது உண்டியலில் போனது என்று சத்தியக்கடதாசியில் எழுதினார். அதன் பிறகு வங்கி வழியாக அனுப்பினார், வழக்கமாக அனுப்பும் அளவு மட்டும். வழக்குக்காகத் திடீரென்று பெரிய தொகை போனால் அது வேறு மாதிரித் தெரியும். காசு ஒரு பக்கமாகவே போகிறதே என்ற கேள்விக்கு, கணவர் ஊரிலிருந்து வருகிறவர்களிடம் கொடுத்துவிட்ட மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பினாட்டும் இருந்தன. பொதி கையில் கிடைத்ததும் மனைவி எடுத்து அனுப்பிய படங்கள் போனிலேயே திகதியோடு கிடந்தன.

அழைப்புப் பட்டியல்தான் நான் எதிர்பாராத சான்றாக வந்தது. கணவரின் போனில் இருந்து எடுத்தது, இலங்கை நேரப்படி. மனைவிக்குக் காலை 7 மணிக்கு வேலை முடியும், 7.20 அளவில் வீட்டு வாசலுக்கு வருவார், அங்கிருந்து அழைப்பார். பட்டியலில் அது பின்னேரம் 4.50. நவம்பர் முதற் கிழமை வந்ததும் அது 5.50 ஆகிறது. மார்ச் நடுவில் மறுபடி 4.50. ரொறன்ரோவில் குளிர்காலத்துக்கு மணிக்கூட்டை மாற்றுகிறார்கள், இலங்கையில் மாற்றுவதில்லை. வருடத்துக்கு இரண்டு தரம், ஒரு மணி நேரம் அப்படியே நகர்கிறது. இதைக் கண்ட அன்று பட்டியலை விரித்துவைத்து வழக்கறிஞரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அந்தப் பட்டியலில் 2019 மார்ச்சில் அந்த மூன்று வெறும் நாட்களும் இருந்தன. அந்த மாதத்தை விட்டுவிடலாமா என்று மனைவி கேட்டார். வேண்டாம், பட்டியல் முழுதாகவே போகட்டும் என்றோம்.

விசாரணை

2020 வசந்தத்தில் விசாரணை வர இருந்தது, பெருந்தொற்றால் நின்றது. இலங்கை விமான நிலையமும் 2020 மார்ச்சிலிருந்து 2021 ஜனவரி வரை சாதாரணப் பயணிகளுக்கு மூடியிருந்ததால் மனைவியால் போகவும் முடியவில்லை. 2021 பெப்ரவரியில் காணொளி வழியாக விசாரணை நடந்தது.

மனைவி முதலில் சாட்சி சொன்னார். எதிர்த்தரப்பான அமைச்சர் தரப்பு வழக்கறிஞர் தயாராகத்தான் வந்திருந்தார். வயது, 2014 மறுப்பு, சின்னக் கலியாணம் எல்லாம் கேட்டார். பிறகு பட்டியலை எடுத்து, "ஒவ்வொரு நாளும் கதைக்கிறீர்கள், 2019 மார்ச்சில் மூன்று நாட்கள் ஏன் ஒன்றும் இல்லை?" என்று கேட்டார்.

மனைவி கொஞ்சம் பேசாமல் இருந்தார். "அந்த மூண்டு நாளும் நான் அவரோட கோவம்" என்று தொடங்கி, என்ன தெரியவந்தது, யாரோடு கதைத்தார், ஏன் திரும்பப் போனை எடுத்தார் என்று சொன்னார். எழுதித் தயாரித்த பேச்சு அல்ல. இடையில் ஆங்கிலத்துக்கு மாறினார், திரும்பத் தமிழுக்கு வந்தார், ஓரிடத்தில் மாமியாரைக் கொஞ்சம் கடுமையாகவும் சொல்லிவிட்டார். அமைச்சர் தரப்பு வழக்கறிஞர் அதற்கு மேல் அந்த வழியில் கேட்கவில்லை.

பிறகு கணவர். மாமா என்று சொன்ன உடனேயே எங்கள் வழக்கறிஞர் குறுக்கிட்டு, தாய்வழி மாமா, விண்ணப்பத்தில் குடும்ப நண்பர் என்று வரும் அதே ஆள் என்று பதிவில் ஏற்றினார். பெரியப்பா பற்றிய பொய்யைக் கணவர் தானே ஒத்துக்கொண்டார். உறுப்பினர் கடைசியில் ஒன்று கேட்டார்: வேலை முடிந்ததும் உங்கள் மனைவி என்ன செய்வார்?

"வீட்டுக்குள்ள போகமாட்டா. வாசலில காரை நிப்பாட்டிப்போட்டு என்னோட கதைப்பா. உள்ள கதைச்சா மாமி எழும்பிவிடுவா. குளிர் காலத்தில கார் ஹீற்றர் இரைச்சல்ல பாதி விளங்காது. அப்ப நான் சும்மா ஓம் ஓம் எண்டுவன்."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிக்கும் முன்பே மனைவி சிரித்துவிட்டார். அந்த ஓம் ஓம் விடயம் அவருக்கு அன்றுதான் தெரியும்.

விளைவு

மேன்முறையீட்டை ஏற்று ஆறு கிழமையில் எழுத்துமூலத் தீர்ப்பு வந்தது. 2005-இல் வந்த சாவெஸ் தீர்ப்பு சொல்லும் விடயங்களை உறுப்பினர் ஒவ்வொன்றாகப் பார்த்திருந்தார்: கலியாணத்தின்போது இருந்த எண்ணம், ஒன்றாக இருந்த காலம், தொடர்பு, காசு உதவி, ஒருவர் கடந்த காலத்தை மற்றவர் அறிந்திருப்பது, குடும்பங்களோடு உள்ள உறவு. நேர்முகத்தில் கணவர் ஒரு கேள்விக்குப் பொய் சொன்னதையும் எழுதி, அதற்கான காரணத்தை நம்புவதாகவும் எழுதியிருந்தார். 40ஆம் பிரிவை யாரும் கையிலெடுக்கவில்லை. எடுத்திருக்கவும் கூடும், அந்த ஆபத்தை அறிந்துதான் இருந்தோம்.

கோப்பு வீசா அலுவலகத்துக்குத் திரும்பியது. பழைய மருத்துவப் பரிசோதனையும் பொலிஸ் சான்றிதழும் காலாவதியாகிவிட்டதால் மறுபடி எடுத்தார்கள். 2021 நவம்பரில் கணவர் கனடா வந்து இறங்கினார். எழுத்து நடந்து நான்கு வருடமும் பத்து மாதமும் ஆகியிருந்தது. மனைவிக்கு அப்போது 38 முடிந்துவிட்டது. ஒரு பிள்ளைக்காக அவர்கள் காத்திருந்த காலம் அது, அந்த வருடங்களை எந்தத் தீர்ப்பும் திருப்பிக் கொடுக்காது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பாரமாகிறது.

இன்று வேறு விதமாகச் செய்பவை

இந்தக் கோப்புக்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் சில வழக்கங்கள் மாறின. எழுத்து, தாலிகட்டு இரண்டு திகதிகளையும் விண்ணப்பத்தின் முதல் பக்கக் கடிதத்திலேயே எழுதுகிறோம். இடைப்பட்ட காலத்தில் ஏன் ஒன்றாகத் தங்கவில்லை என்பதும் அங்கேயே வரும். பேச்சைக் கொண்டுவந்தவர், கலியாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரையும் ஒரு உறவு வரைபடத்தில் போட்டு, ஒவ்வொரு பெயருக்கும் கீழே கணவர் என்ன முறை சொல்லி அழைக்கிறார், மனைவி என்ன சொல்லி அழைக்கிறார் என்று எழுதுகிறோம். மாமா, சித்தப்பா, பெரியப்பா மூவரும் ஆங்கிலத்தில் ஒரே அங்கிள் ஆகும் சிக்கல் இதனால் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

கேள்வி–பதில் தாள் யாராவது கொடுத்திருந்தால் அதைத் தூக்கிப் போடச் சொல்கிறோம். நேர்முகத்துக்குப் போகிறவரிடம் நான் சொல்வது, கேள்வி விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கோ, விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கோ, மொழிபெயர்ப்பு பிழை என்று பட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திச் சொல்லுங்கோ என்பதுதான்.

கடினமானது ஒன்று மிச்சம். முதல் சந்திப்பிலேயே இருவரிடமும் தனித்தனியாக, "உங்கட கலியாணத்தில ஆருக்குச் சொல்லேல்லை? ஏன் சொல்லேல்லை?" என்று கேட்கிறேன். அதைக் கேட்டதும் பெரும்பாலானவர்கள் ஒரு கணம் கீழே பார்ப்பார்கள். நான் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருப்பேன். அந்த ஓய்வுபெற்ற மாஸ்ரரிடம் 2017-இல் யாராவது இதே கேள்வியைக் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவரிடம் ஒரு கடிதம் வாங்க வேண்டும் என்று முதல் விண்ணப்பத்தில் யாருக்கும் தோன்றவில்லை.